மேல் இரண்டடி

படித்தவன் என்று ஊருக்குக் காட்டிக்கொள்ள எத்தனையோ வழி உண்டு. சிலர் இங்கிலீஷ் பேப்பரை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடப்பார்கள். நான் பானை ஓட்டைக் கையில் எடுத்துக்கொண்டேன். எண்பதுகளின் பின்பாதியில் மெட்ராஸில் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்திக்கொண்டு, தொல்லியலில் டாக்டர் பட்டத்துக்காக முட்டி மோதிக்கொண்டிருந்தேன். குடியிருந்தது ஆவடியில், ராணுவ டாங்கித் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில். வீடு என் மனைவி பேரில். அவளுக்குத்தான் அங்கே வரைபடப் பிரிவில் வேலை. அந்த வளாகத்தில் எனக்கு "மேடத்தோட வீட்டுக்காரர்" என்பதைத் தவிர வேறு பேர் கிடையாது. அது எனக்கு எவ்வளவு எரிச்சலாக இருந்தது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் செய்ததில் அந்த எரிச்சலுக்கும் பங்கு உண்டு. சாக்கு சொல்லவில்லை, செய்தது நான்தான்.

ஒரு பெருமழைக்குப் பிறகு கோவில்பதாகைப் பக்கம் சைக்கிளில் போனபோது, ஏரிக்கரை ஓரிடத்தில் அரித்துக்கொண்டு போயிருந்தது. அந்த அரிப்பில் உள்ளே கருப்பும் வெளியே சிவப்புமாகப் பானை ஓடுகள் துருத்திக்கொண்டிருந்தன. எங்கள் தொழிலில் அந்த ஓட்டைப் பார்த்தால் போதும், புத்தி பேதலித்துவிடும். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய ஆட்கள் செத்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்த இடம். என் வழிகாட்டிப் பேராசிரியரிடம் ஓடினேன். "அடிச்சுதுடா உனக்கு யோகம்" என்றார். எங்கெங்கோ அலைந்து இருபது நாளுக்குத் தோண்ட அனுமதி வாங்கினேன்.

அந்தக் கரையில் ஏழு வீடுகள் இருந்தன. மண்சுவர், ஓலைக்கூரை. அங்கிருந்தவர்கள் செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர்கள். ஓடு கிடைத்த இடம் கடைசி வீட்டின் பின்புறம். அந்த வீட்டுக்காரியையே மண் சுமக்கக் கூலிக்கு வைத்துக்கொண்டேன். நாற்பது வயதிருக்கும். மம்முட்டி பிடித்தால் ஆம்பிளைகள் தோற்றுப்போவார்கள். என் மாணவர்கள் ஆறு பேர் கையில் நோட்டும் தலையில் தொப்பியுமாக நின்றார்கள். வேலை செய்தது அவள்.

இங்கே தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அகழாய்வில் மண்ணை ஏடு ஏடாக உரிக்க வேண்டும். மேலே இருப்பது புதுசு, கீழே போகப் போகப் பழசு. ஒவ்வோர் ஏட்டையும் சலித்து, கிடைத்ததைப் பையில் போட்டு, எண் எழுதி, நோட்டில் பதிய வேண்டும். முதல் நாள் வகுப்பிலேயே இதைச் சொல்லிக்கொடுப்போம். சொல்லிக்கொடுக்காதது ஒன்று உண்டு. மேல் இரண்டடியை நாங்கள் யாரும் சலிப்பதில்லை. அதற்குக் "கலங்கின மண்" என்று பேர் வைத்து, மம்முட்டியால் வாரி வெளியே கொட்டிவிடுவோம். உடைந்த கண்ணாடி வளையலுக்கும் சீமை ஓட்டுக்கும் யார் டாக்டர் பட்டம் கொடுக்கிறான்? கையில் இருப்பதோ இருபது நாள். என் பேராசிரியரும் அப்படித்தான் செய்தார், அவருடைய பேராசிரியரும் அப்படித்தான் செய்திருப்பார்.

முதல் நாள் ஓரடி இறங்கியதும் அவள் மம்முட்டியை நிறுத்திவிட்டாள்.

"சார், கொஞ்சம் நில்லு சார். இது தரை. சாணி போட்டு மெழுகினது. பாரு, எத்தினி பூச்சு கீது."

குனிந்து பார்த்தேன். வெங்காயச் சருகு மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகப் பூச்சுகள். பக்கத்தில் கருகிச் சிவந்த அடுப்பு மண்.

"இருக்கட்டும்மா. கொட்டு."

"எங்க மாமியார் ஊடு சார் இது. நான் கண்ணாலம் கட்டிகினு வந்தப்ப இந்தத் தரையிலதான் வந்து குந்துனேன். அவங்க மாமியாரும் இதே ஊட்டுக்குத்தான் வந்தாங்களாம். அப்பால புயல்ல இது வுழுந்துடுச்சி, நாங்க தள்ளிப் போட்டுக்கினோம்."

"அதெல்லாம் எனக்கு வேணாம்மா. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தினது இருக்கு பாரு, அதுதான் வேணும்."

"அவங்கள வெச்சிகினு நீ இன்னா சார் பண்ணப் போற? அவங்கதான் செத்துப் பூட்டாங்களே!"

மாணவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. "வாய் பேசாம வேலையப் பாரு" என்றேன். அவளும் சிரித்துக்கொண்டே முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கூடையை எடுத்தாள். தரை போனது. அடுப்பு போனது. வளையல் துண்டுகள், உடைந்த ஆட்டுக்கல், ராஜா தலை போட்ட தேய்ந்த செப்புக்காசு, ஒரு குழந்தையின் இடுப்பு மணி, எல்லாம் கூடை கூடையாகத் தண்ணீர் ஓரம் போய் விழுந்தன. அரைநாள் வேலை. நாலு தலைமுறையை அவள் கையாலேயே வாரிக் கொட்டவைத்தேன். மதியம் எல்லாருக்கும் டீ வாங்கிக்கொடுத்தேன்.

கீழே தாழிகள் வந்தன. ஒன்றுக்குப் பக்கத்தில் இன்னொன்று, இரும்புக் கத்தியோடும் எலும்போடும். அவற்றை நாங்கள் தூரிகையால் தடவித் தடவி எடுத்தோம். பச்சைப்பிள்ளையைக் குளிப்பாட்டுகிறவர்கள்கூட அவ்வளவு பயப்பட மாட்டார்கள். ஒரு பேப்பரில் என் படம் வந்தது. குவார்ட்டர்ஸில் மூன்று நாள் "புதையல் சார்" என்று கூப்பிட்டார்கள். கேலிதான். எனக்கு அதுவும் இனித்தது.

அறிக்கை எழுத உட்கார்ந்தேன். மேல் இரண்டடியைப் பற்றி ஏதாவது சொல்லியாக வேண்டும். "பார்க்கவில்லை, வாரிக் கொட்டிவிட்டோம்" என்பதுதான் நடந்தது. நான் எழுதியது வேறு: "மேலடுக்கில் குடியிருப்புக்கான சான்று எதுவும் இல்லை. தாழி புதைத்த மக்கள் மறைந்த பின் இவ்விடம் நெடுங்காலம் ஆளரவமற்றுக் கிடந்திருக்கிறது." எழுதிவிட்டு நாலு தடவை படித்துப் பார்த்தேன். மறைந்த மக்கள், மௌனமான நிலம், அடேயப்பா! வாக்கியம் அழகாக இருந்தது, வைத்துக்கொண்டேன். ஆய்வேட்டில் அதுவே ஓர் அத்தியாயத்தின் முதல் வரி ஆயிற்று. டாக்டர் ஆனேன்.

தொண்ணூறுகள் பிறந்தபோது நான் வெறும் டாக்டர் இல்லை, சிந்தனையாளன். சிறுபத்திரிகைகளில் கட்டுரை எழுதினேன். தோளில் ஜோல்னாப் பையோடு யூனிட் ரயில் பிடித்துப் போய் மெட்ராஸ் கூட்டங்களில் பேசினேன். அப்போது எல்லார் வாயிலும் பின்நவீனத்துவம். ஒற்றை உண்மை கிடையாது, ஒற்றை வரலாறு கிடையாது, எல்லாம் யாரோ கட்டிச் சொன்ன கதை. எனக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி இருந்தது. உண்மையே இல்லையென்றால் பொய்யும் இல்லை அல்லவா? "தொல்லியலாளன் கடந்த காலத்தைத் தோண்டி எடுப்பதில்லை, உற்பத்தி செய்கிறான்" என்று ஒரு கூட்டத்தில் போட்டேன் ஒரு போடு. கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அறிவுஜீவி என்பவன் அதிகாரத்தின் முகத்துக்கு நேரே நின்று அடித்தட்டு மக்களின் சார்பாகப் பேச வேண்டும் என்று மேஜையைக் குத்திச் சொன்னேன். கை வலித்தது. திரும்பும்போது வண்டியில் வேர்க்கடலை தின்றுகொண்டே என் பேச்சை நானே மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன்.

அப்படி இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்த ஏரிக்கரைக்காரி குவார்ட்டர்ஸைத் தேடிக்கொண்டு வந்தாள். தலை கொஞ்சம் நரைத்திருந்தது. உள்ளே வரச் சொன்னால் வரவில்லை, வாசற்படியிலேயே குந்திக்கொண்டாள்.

விஷயம் இதுதான். கரைக்குப் பின்னால் இருந்த நிலத்தை ஒரு வீட்டுமனைச் சங்கம் வாங்கியிருந்தது. மனைகளுக்கு ரோடு போட ஏழு வீடுகளும் குறுக்கே நின்றன. இவர்கள் புறம்போக்கில் நேற்று வந்து குந்தியவர்கள், காலி பண்ண வேண்டும் என்று தாலுகா ஆபீஸில் மனு. விசாரணைக்கு நாள் குறித்துவிட்டார்கள். தலைமுறை தலைமுறையாக இருந்தவர்கள் என்று காட்டினால் பட்டாவே கிடைக்கலாம். காட்ட முடியாவிட்டால் தெருதான். கையில் இருந்த காகிதம் ரேஷன் கார்டு ஒன்று. அதுவும் சமீபத்தில் வாங்கியது.

"நீதான் சார் சாட்சி சொல்லணும். எங்க ஊட்டத் தோண்டிப் பாத்த ஒரே ஆளு நீதான். படிச்சவரு சொன்னா கேப்பாங்க."

வருகிறேன் என்றேன். அவள் போன பிறகு என் மனைவி அறிக்கையை வாங்கிப் படித்தாள்.

"இந்த மேல் மண்ணைச் சலிச்சீங்களா?"

"இல்ல."

"அப்ப அதைப் போய்ச் சொல்லிட்டு வாங்க. ஒரு வார்த்தை. அதுக்கு ஏன் முகம் இப்படிப் போகுது?"

கல்லூரியில் ரீடர் என்ற மேல்பதவிக்கு நேர்காணல் வருகிறது, தேர்வுக் குழுவில் என் பேராசிரியர் உட்காருகிறார், அந்த அத்தியாயமே பொய் என்று நானே போய்ச் சொன்னால் என்ன ஆகும் என்றெல்லாம் விளக்கினேன். "நீ வரைபடத்துல தப்புக் கோடு போட்டா அழிச்சிட்டு வேற போடலாம். எனக்கு அப்படி இல்ல" என்றேன்.

"தப்புக் கோட்டை அழிக்காம கீழே பட்டறைக்கு அனுப்பினா எங்க இடத்துல ஆள் சாவான்" என்றாள்.

விசாரணை அறையில் ஒரு மேஜை, நாலு நாற்காலி, சத்தம் போடும் ஃபேன். அதிகாரி கண்ணியமான ஆள், எனக்கு எழுந்து நாற்காலி காட்டினார். ஏழு வீட்டு ஆட்களும் ஜன்னல் ஓரம் வரிசையாக நின்றிருந்தார்கள். அவள் புதுப்புடவை கட்டியிருந்தாள். என்னைப் பார்த்ததும் பக்கத்தில் இருந்தவளின் தோளைத் தட்டி, "அந்த சாரு வந்துட்டாரு" என்றாள். அவர்கள் முகங்களில் அப்படியொரு தெம்பு.

சங்கத்து வக்கீல் பையிலிருந்து எடுத்தது என் அறிக்கையின் அச்சுப் பிரதி.

"இது நீங்க எழுதினதுதானே, டாக்டர்?"

டாக்டர் என்று அவர் அழுத்திச் சொன்ன விதத்தில், அந்த நிலையிலும் எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. சீ, என்ன பிறவி! ஆமாம் என்றேன். அந்த அழகான வாக்கியத்தை அவர் உரக்கப் படித்தார். அதிகாரி என் பக்கம் திரும்பினார்.

"தாழிக்காரங்களுக்கு அப்புறம் அங்க யாரும் குடியிருக்கலைன்னு அர்த்தம் ஆகுது. அப்படித்தானா சார்?"

மேல் இரண்டடியைப் பார்க்காமல் கொட்டிவிட்டேன் ஐயா. இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. ஒரு மூச்சு. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, கடந்த காலம் என்பது ஒற்றைப்படையானதல்ல என்று ஆரம்பித்தேன். சான்று என்பதே ஒரு வாசிப்பு என்றேன். இருந்தார்கள் என்பதும் ஒரு கதையாடல், இல்லை என்பதும் ஒரு கதையாடல், அகழாய்வாளன் இரண்டுக்கும் நடுவே நிற்கிறான் என்றேன். மெட்ராஸில் கைதட்டு வாங்கிய அதே பேச்சு. ஐந்து நிமிடம் பூசி மெழுகினேன். வக்கீல் தாடையைத் தடவிக்கொண்டு ரசித்துக் கேட்டார்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "சார், நான் மேல ஒரு பேப்பர் அனுப்பணும். ஆள் இருந்தாங்களா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

ஜன்னல் பக்கமிருந்து அவள் குரல் வந்தது. "சொல்லு சார். அன்னிக்கு நான்தான வாரிக் கொட்டுனேன்? நீதான கொட்டுன்னு சொன்ன? அடுப்பு இருந்துச்சில்ல? தரை இருந்துச்சில்ல? ஒரு வார்த்த சொல்லு சார்."

எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள்.

"எனக்கு ஞாபகம் இல்லை" என்றேன். "அறிக்கையில் என்ன இருக்கிறதோ அதுதான்."

ஒரு நிமிடத்துக்கு முன்புவரை ஒற்றை உண்மையே கிடையாது என்று முழங்கியவன், தன் தோல் என்று வந்ததும் அச்சடித்த ஒற்றை வரியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அதிகாரி எழுதிக்கொண்டார். பேனா கீறும் சத்தம் கேட்டது.

வெளியே படிக்கட்டில் அவள் எனக்காகக் காத்திருந்தாள். வாயில் வந்தபடி திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கும் கோபம் வந்திருக்கும், கோபத்தில் ஒளிந்துகொண்டிருப்பேன். அவள் கிட்டே வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"பயந்துட்டியா சார்? அந்த வக்கீலு மெரட்டுனானா?"

"ஆமாம்மா" என்றேன்.

"பாவம், புள்ளகுட்டிக்காரன், நீ இன்னா பண்ணுவ" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளுடைய இரக்கத்தையும் நான் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

வீடுகளை இடித்த அன்று நான் போகவில்லை. போனேன், ஓரமாக நின்று கண் கலங்கினேன் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். போகவில்லை. கல்லூரியில் தேர்வு மேற்பார்வை இருந்தது. என் மனைவி வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் போய், அந்தப் பெண்களோடு சேர்ந்து பாத்திரம் பண்டத்தைத் தூக்கி வெளியே வைத்திருக்கிறாள். சாயங்காலம் கையில் சிராய்ப்போடு வந்து எனக்குச் சோறு போட்டாள். சாப்பிட்டேன். அதற்குப் பிறகு பல நாள் அவள் என்னோடு பேசவில்லை. எனக்கு ரீடர் பதவி கிடைத்த செய்தியைக்கூடப் பக்கத்து வீட்டுக்காரரிடம்தான் முதலில் சொன்னேன்.

ஏழு குடும்பமும் பட்டாபிராம் ரயில் பாதை ஓரம் பிளாஸ்டிக் ஷீட் கட்டிக்கொண்டு இருப்பதாகக் கேள்விப்பட்டேன். நாலைந்து மாதம் ஓடியது. ஒரு மதியம் மனைவி ஷிஃப்டுக்குப் போயிருந்த நேரம், கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால் அவள். மெலிந்து கருத்திருந்தாள். காலில் செருப்பில்லை. ஆனால் முகத்தில் ஒரு அவசரம், சந்தோஷம் மாதிரிகூட இருந்தது.

"சார், கெவர்மெண்டுல மாத்து எடம் தராங்களாம். ஆளுக்கு ஒரு சென்ட்டு. பத்து வருசத்துக்கு மேல அங்க இருந்தோம்னு ஒரு பெரிய ஆளு எழுதிக் குடுத்தா போதுமாம். இந்த தபா வக்கீலு கெடையாது, யாரும் உன்ன கேள்வி கேக்க மாட்டாங்க. நான் அங்கயே நல்லா கேட்டுகினு வந்தேன். நீ பயப்படாத சார்."

உட்காரச் சொன்னேன். தண்ணீர் கொடுத்தேன். என் பேரும் பட்டமும் புதுப் பதவியும் அச்சடித்த தாளை எடுத்து மேஜையில் விரித்தேன். எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் பேனாவைத் திறந்தேன், சத்தியமாக. பத்து வருடம் என்ன, நூறு வருடம் என்றே எழுதலாம், அதுதான் நிஜம். பேனா தாளைத் தொட்டதும் என் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. இந்தத் தாளும் ஆபீஸில் ஒரு ஃபைலுக்குள் போகும். அறிக்கையும் ஃபைலுக்குள் இருக்கிறது. என்றைக்காவது ஒருவன் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்?

இப்படி எழுதினேன்: "மேற்படி நபர்களை அவ்விடத்தில் நான் முதன்முதலாகப் பார்த்தது சுமார் ஆறு ஆண்டுகளுக்கு முன்பு. அதற்கு முன் அவர்கள் அங்கே வசித்தார்களா என்பது குறித்து என்னிடம் சான்று இல்லை." கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, மை காய ஊதினேன்.

அவள் தாளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முத்திரையை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு திரும்பவும் என்னிடமே நீட்டினாள்.

"எனக்கு இன்னா சார் தெரியும், நீயே படிச்சிக் காட்டு."

வாங்கினேன். தாளைப் பார்த்துக்கொண்டே, குரல் கொஞ்சமும் தடுமாறாமல் படித்தேன்: "இவர்கள் நாலு தலைமுறையாக இங்கேயே பிறந்து, வளர்ந்து, வாழ்ந்தவர்கள். இது எனக்கு நேரடியாகத் தெரியும்."

அவள் அழுதுவிட்டாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீ நல்லா இருப்ப சார்" என்றாள். தாளை நாலாக மடித்து சுருக்குப்பையில் வைத்துக்கொண்டாள். வாசல்வரை போய்த் திரும்பினாள்.

"ஏழு ஊட்டுக்கும் இந்த ஒரு பேப்பரே போதுமா சார்?"

"போதும்மா" என்றேன்.